ரத்தம் முதலில், எலும்பு பிறகு: சேர்வராயன் மலையும் இடுப்பு, தொடை முறிவுகளும்

2024 ஏப்ரல் 30 அன்று சேர்வராயன் மலையில் உள்ள ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கிக்கொண்டிருந்த தனியார் பேருந்து ஒன்று 13-ஆவது கொண்டை ஊசி வளைவில் பாதையை விட்டு விலகிக் கீழே கவிழ்ந்தது. குறைந்தது ஐந்து பேர் இறந்தனர்; நாற்பதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். இத்தகைய விபத்துகளில் இறந்தவர்களின் எண்ணிக்கை உடனே செய்தியாகிவிடுகிறது. பிழைத்தவர்களின் உடலுக்குள் என்ன நேர்ந்தது, அவர்கள் எப்படி மறுபடி நடந்தார்கள் என்பது பெரும்பாலும் யாருக்கும் தெரிவதில்லை. அந்தக் காயங்களில் மிகக் கடுமையான ஒன்றைப் பற்றியது இக்கட்டுரை: இடுப்பெலும்பும் தொடை எலும்பும் ஒருசேர முறிவது.

இடுப்பெலும்பு தனியாக முறிந்தால் அதற்கென்று ஒரு சிகிச்சை முறை உண்டு. தொடை எலும்புக்கும் அப்படியே. இரண்டும் ஒரே உடலில், அதுவும் ஒரே பக்கத்தில் முறிந்து வந்தால், ஒன்றுக்குச் செய்வது மற்றொன்றைக் கெடுக்கக்கூடும். எதை முதலில் செய்வது, எதை அடுத்துச் செய்வது, எதை இப்போதைக்குத் தொடாமல் விடுவது என்ற வரிசையே இங்கு பாதி சிகிச்சை. அந்த வரிசை மருத்துவமனை வாசலில் தொடங்குவதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். மலையில் அடிபட்டவருக்கு அது விழுந்த இடத்திலேயே தொடங்கியாக வேண்டும் என்பதே என் வாதம்.

மலையில் எலும்பு முறியும் வழிகள்

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலம் நகரம் 300 மீட்டருக்கும் கீழே. இடையில் உள்ள மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். மே மாதக் கோடை விழாவுக்கும் விடுமுறை நாள்களுக்கும் சமவெளியிலிருந்து வரும் வண்டிகளில் பல, மலையில் ஓட்டிப் பழகாதவர்கள் ஓட்டுபவை. கீழ் கியரில் இறங்காமல் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கிறது. எதிரில் மோதும் காரில் முன் இருக்கையில் இருப்பவரின் முழங்கால் டேஷ்போர்டில் இடிக்கிறது. அந்த விசை தொடை எலும்பின் வழியாக மேலேறுகிறது. தொடையை முறிப்பதோடு, தொடை எலும்பின் தலை பொருந்தியிருக்கும் இடுப்புக் கிண்ணத்தின் பின்சுவரையும் பெயர்க்கிறது. பைக்கில் வருபவருக்குப் பக்கவாட்டு மோதலில் இடுப்பும் தொடையும் சேர்ந்தே நசுங்குகின்றன.

இன்னொரு வழி தோட்டங்களுக்குள் இருக்கிறது. 1820-களில் சேலம் ஆட்சியராக இருந்த எம். டி. காக்பர்ன் காலத்தில் இம்மலைக்குக் காப்பி வந்தது. இன்று காப்பிச் செடிகளுக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடியை ஏற்றிவிடுகிறார்கள். மிளகு பறிக்க மூங்கில் ஏணியைச் சாத்தி மரத்தில் ஏற வேண்டும். நிழல் கழிக்கவும் ஏற வேண்டும். ஏணி வழுக்கிக் காலூன்றி விழுபவருக்கு விசை கீழிருந்து மேலே போகிறது: குதிகால், தொடை, இடுப்பு, முதுகுத்தண்டு என்று வரிசையாகத் தாக்குகிறது. இடுப்பின் ஒரு பாதி மேல்நோக்கி நழுவிவிடுவதும் உண்டு.

தமிழ்நாட்டில் 2022-ஆம் ஆண்டில் 64,105 சாலை விபத்துகள் பதிவாயின; 17,884 பேர் இறந்தனர். விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம். மரத்திலிருந்து விழுந்தவர்கள் இந்தக் கணக்கில் வருவதில்லை.

ரத்தம் எங்கே போகிறது

இடுப்பு என்பது மூன்று எலும்புகள் சேர்ந்த வளையம்: இரு பக்கமும் இரண்டு இடுப்பெலும்புகள், பின்னால் முதுகுத்தண்டின் அடியில் திருவெலும்பு. கண்ணாடி வளையல் ஓரிடத்தில் மட்டும் உடைவதில்லை. இன்னோர் இடத்திலும் விட்டுப்போயிருக்கும். இடுப்பு வளையமும் அப்படித்தான். எக்ஸ்ரேயில் முன்பக்கம் ஒரு முறிவு தெரிந்தால், பின்பக்கம் எங்கே விட்டிருக்கிறது என்று தேடுவது எலும்பு மருத்துவர்களின் முதல் பாடம்.

வளையத்தின் பின்பக்கத் தசைநார்களை ஒட்டி மெல்லிய சிரைகள் வலைபோலப் பரவியிருக்கின்றன. வளையம் பிளந்தால் அவையும் கிழிகின்றன. முறிந்த எலும்பின் முனைகளிலிருந்தும் ரத்தம் கசிகிறது. இடுப்பு முறிவில் பெரும்பாலான ரத்தப்போக்கு சிரைகளிலிருந்தும் எலும்பிலிருந்தும்தான். சிறுபான்மையோருக்கே தமனி கிழிந்திருக்கும். அந்த ரத்தம் வெளியே வருவதில்லை. வயிற்றறைக்குப் பின்னால் உள்ள இடத்தில் லிட்டர் கணக்கில் தேங்குகிறது. தொடைக்குள்ளும் இதே கதை. மூடிய தொடை முறிவு ஒன்றிலேயே ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் வரை ரத்தம் இறங்கிவிடும்.

வளர்ந்த ஒருவரின் உடலில் இருப்பது சுமார் ஐந்து லிட்டர். இரண்டு முறிவும் சேர்ந்தால், தோலில் ஒரு கீறல்கூட இல்லாமல் உடலின் பாதி ரத்தம் உள்ளேயே இழக்கப்படலாம். இதில் ஒரு பொறி இருக்கிறது. ரத்தத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் குறையும் வரை இளம் வயதினரின் ரத்த அழுத்தம் இறங்காமலே நிற்கும். நாடித் துடிப்பு வேகமெடுப்பதும், உள்ளங்கை சில்லிட்டு வியர்ப்பதும், காரணமில்லாத பதற்றமும்தான் முந்திய அடையாளங்கள். 'பிரஷர் நார்மலாத்தான் இருக்கு' என்ற சொல்லை நம்பிக் காத்திருந்தால் அடுத்த அரை மணியில் நிலைமை கைமீறிப் போகும்.

இத்துடன் குளிரும் சேர்கிறது. உடல் குளிர்ந்தால் ரத்தம் உறைவது தடைப்படுகிறது. உறையாவிட்டால் இழப்பு கூடுகிறது. இழப்பு கூடினால் திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாமல் ரத்தத்தில் அமிலம் ஏறுகிறது. அமிலம் ஏறினால் உறைதல் இன்னும் கெடுகிறது. விபத்து மருத்துவம் அஞ்சும் மூன்று சங்கதிகள் இவை. மார்கழிப் பனியில் காப்பித் தோட்டத்தின் ஈர மண்ணில் ஒரு மணி நேரம் கிடப்பவருக்கு இந்தச் சுழல் சமவெளியைவிட விரைவாகத் தொடங்கும். ஈரத் துணியை அகற்றி ஒரு கம்பளி போர்த்துவது வெறும் ஆறுதல் அல்ல. அது ரத்தப்போக்குக்கான மருத்துவம்.

ஒரு வேட்டியால் செய்யக்கூடியது

பிளந்த வளையத்தை வெளியிலிருந்து இறுக்கினால் உள்ளே ரத்தம் தேங்கும் இடம் சுருங்குகிறது; எலும்பு முனைகள் அசையாமல், உறைந்த ரத்தம் கலையாமல் நிற்கிறது. இதற்கென்றே இடுப்புப் பட்டைகள் விற்கின்றன. அது இல்லாத இடத்தில் போர்வையோ வேட்டியோ போதும். செய்யும் முறைதான் முக்கியம்.

வேட்டியை ஒரு சாண் அகலத்துக்கு மடித்துக்கொள்ள வேண்டும். அடிபட்டவரைப் புரட்டாமல், முழங்காலுக்குப் பின்னால் உள்ள இடைவெளியில் துணியை நுழைத்து மெல்ல மேலே இழுத்துவர வேண்டும். பெல்ட் கட்டும் இடம் வரை கொண்டுபோய்விடுவது எல்லோரும் செய்யும் பிழை. அங்கே இறுக்கினால் பயனில்லை; சில முறிவுகளில் அது வளையத்தை மேலும் விரிக்கவும் கூடும். தொடையின் வெளிப்பக்கத்தில் மேலே எலும்புமேடு ஒன்று கைக்குத் தட்டுப்படும். துணி அதன் மேல் அமைய வேண்டும். இருவர் இரு பக்கமும் நின்று முனைகளை முன்னால் குறுக்காக மாற்றி, சம விசையில் இழுத்து முடிச்சிட வேண்டும். பிறகு முழங்கால்களுக்கு நடுவில் மெத்தென்று ஏதேனும் வைத்து, இரு கால்களையும் முழங்காலிலும் கணுக்காலிலும் சேர்த்துக் கட்ட வேண்டும். தொடை முறிந்த காலுக்கு முறியாத காலே இப்போது பலகையாகிறது. இடுப்பு ஆடுகிறதா என்று கையால் அழுத்திப் பார்ப்பது கூடவே கூடாது. உறைந்த ரத்தம் கலைந்துவிடும்.

வண்டி போகாத சிற்றூர்களிலிருந்து நோயாளியைத் தூளி கட்டித் தூக்கி வருவது மலைகளில் நெடுநாள் வழக்கம். காய்ச்சல்காரருக்கும் கர்ப்பிணிக்கும் அது உதவியது. இடுப்பு முறிந்தவரைத் தூளியில் போட்டால் உடல் நடுவில் தொய்ந்து மடங்குகிறது. முறிந்த வளையத்தின் மேலேயே எடை இறங்குகிறது. கட்டில், கதவுப் பலகை, ஏணியின் மேல் விரித்த பலகை என்று தொய்யாத எதுவும் மேல்.

ஒன்றுக்கு மருந்து, மற்றொன்றுக்குப் பகை

தொடை முறிவின் வரலாற்றில் லிவர்பூலைச் சேர்ந்த ஹியூ ஓவன் தாமஸின் பெயர் நிலைத்துவிட்டது. அவர் 19-ஆம் நூற்றாண்டில் அமைத்த இழுவைச் சட்டத்தை முதல் உலகப் போரில் அவருடைய உறவினர் ராபர்ட் ஜோன்ஸ் பரப்பினார். போரின் தொடக்கத்தில் தொடையில் குண்டடிபட்டவர்களில் பெரும்பாலோர் இறந்தனர். 1917 அராஸ் போரில் அந்தச் சட்டத்தைப் பயன்படுத்திய பிறகு இறப்பு ஏறக்குறைய 16 சதவீதமாகக் குறைந்ததாக அறுவை மருத்துவர் ஹென்றி கிரே பதிவு செய்தார். இன்றும் நம் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் தாமஸ் ஸ்பிளிண்ட் தொங்கிக்கொண்டிருக்கிறது.

அந்தச் சட்டம் காலை இழுக்க வேண்டுமானால் அதன் வளையம் எதன்மீதாவது ஊன்ற வேண்டும். அது ஊன்றுவது இடுப்பெலும்பின் அடிப்பகுதியில். இடுப்பும் முறிந்திருந்தால் அந்த ஊன்றுதல் முறிந்த எலும்பையே தள்ளும். ஒரு நூற்றாண்டாக உயிர் காத்த கருவி, இந்தச் சேர்க்கையில் தயங்கிக் கையாள வேண்டியதாகிறது. அதற்குப் பதிலாக முழங்காலுக்குக் கீழே எலும்பில் ஊசி செலுத்தி எடை தொங்கவிடுவதும், தோலுக்கு வெளியே நின்று எலும்பைப் பிடிக்கும் வெளிச்சட்டகம் பொருத்துவதும் வழக்கமாயின.

ஒரே பக்கத்தில் இரண்டும் முறிவதை 'மிதக்கும் இடுப்பு' என்பார்கள்: மேலேயும் பிடிப்பில்லை, கீழேயும் பிடிப்பில்லை. 1992-இல் லீபர்காலும் உடன் பணிபுரிந்தவர்களும் இதை ஆராய்ந்து எழுதினர். 1999-இல் முல்லர், கான்ஸ் முதலிய மருத்துவர்கள் 42 நோயாளிகளை ஆராய்ந்தனர். இப்படிப்பட்டவர்களுக்குத் தலை, மார்பு, வயிறு ஆகியவற்றிலும் காயம் இருப்பது வழக்கம். இடுப்பு மூட்டு கழன்றும் இருந்தால் சிக்கல் இரட்டிக்கும். கழன்ற மூட்டைச் சில மணி நேரத்துக்குள் உட்கார வைக்காவிட்டால் எலும்புத் தலைக்கு ரத்த ஓட்டம் தடைப்பட்டு அது நாளடைவில் சிதையக்கூடும். உட்கார வைக்கக் காலை இழுக்க வேண்டும். தொடை முறிந்திருக்கும்போது காலை இழுத்தால் முறிந்த இடம்தான் நீள்கிறது. அப்போது முறிவுக்கு மேலே எலும்பில் ஒரு தடித்த ஊசியைச் செலுத்தி, அதைப் பிடித்து மூட்டைக் குழிக்குள் இறக்க வேண்டியிருக்கும்.

எப்போது அறுவை?

அரை நூற்றாண்டுக்கு முன் பலத்த காயம்பட்டவரை அறுவைக்குத் தாங்கமாட்டார் என்று வாரக்கணக்கில் படுக்கையில் இழுவையில் வைத்திருந்தனர். நிமோனியாவும் நுரையீரல் அடைப்பும் படுக்கைப் புண்ணும் பலரைக் கொன்றன. 1989-இல் டல்லஸ் நகரில் போன் (Bone) என்ற மருத்துவரும் உடன் பணிபுரிந்தவர்களும் 178 நோயாளிகளை வைத்து நடத்திய ஆய்வில், 24 மணி நேரத்துக்குள் தொடையில் கம்பி பொருத்தப்பட்டவர்களுக்கு நுரையீரல் சிக்கல்கள் குறைவு என்று கண்டனர். உடனடி அறுவை கொள்கையாகவே ஆனது.

பிறகு மறுபக்கம் தெரிந்தது. தொடை எலும்பின் உள்ளீட்டைக் குடைந்து கம்பி செலுத்தும்போது மஜ்ஜையும் கொழுப்பும் ரத்தத்தில் கலந்து நுரையீரலுக்குப் போகின்றன. ஏற்கெனவே மார்பில் அடிபட்டு ரத்தம் இழந்து துவண்டவருக்கு அது இரண்டாவது அடியாக விழுந்தது. ஜெர்மனியில் ஹானோவர் மருத்துவர்களும், அமெரிக்காவில் பால்டிமோர் மருத்துவர்களும் 1990-களிலும் 2000-இலும் வேறு வழி காட்டினர்: முதல் நாளில் வெளிச்சட்டகம் மட்டும், உடல் தேறியதும் கம்பி.

இன்றைய நடைமுறை நாள்கணக்கை விட்டு ரத்தப் பரிசோதனையைக் கேட்கிறது. 2013-இல் ஹெதர் வாலியர் குழுவினர் முன்வைத்த அளவுகோல் இது: ஆக்சிஜன் போதாதபோது ரத்தத்தில் ஏறும் லாக்டேட் 4-க்குக் கீழே இறங்கியிருந்தாலோ, அமிலம் குறையும்போது உயரும் பி.எச். (pH) அளவு 7.25 அல்லது அதற்கு மேல் ஏறியிருந்தாலோ, தொடையையும் இடுப்பையும் 36 மணி நேரத்துக்குள் நிலையாகப் பொருத்தலாம். எட்டாவிட்டால் பொறுக்க வேண்டும். கிண்ணம் உடைந்த மூட்டுக்கு அவசரம் அவ்வளவு இல்லை. ஆனால் மூன்று வாரம் கடந்தால் துண்டுகள் ஒட்டத் தொடங்கி, சரியாக அடுக்குவது கடினமாகிவிடும்.

இதற்கெல்லாம் முந்தியது ரத்தம் நிறுத்துவது. 40 நாடுகளில் 20,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்து நடந்து, 2010-இல் வெளியான கிராஷ்-2 ஆய்வில் இந்திய மருத்துவமனைகளுக்கும் பெரும் பங்கு உண்டு. டிரானெக்சாமிக் அமிலம் என்ற விலை குறைந்த ஊசி மருந்து, அடிபட்ட மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் ரத்தப்போக்கால் வரும் இறப்பைக் குறைக்கிறது என்று அது காட்டியது. முதல் மணி நேரத்தில் கொடுத்தால் பயன் அதிகம். மூன்று மணி கடந்தால் தீங்கும் நேரலாம். மலையிலேயே போடக்கூடிய மருந்து இது.

அறுவை அரங்கில்

உடல் நிலைப்பட்டதும் பெரும்பாலான மருத்துவர்கள் தொடையை முதலில் சரிசெய்கிறார்கள். தொடை உறுதியானால்தான் காலை அசைத்து, இழுத்து, இடுப்பு முறிவைச் சரியான இடத்துக்குக் கொண்டுவர முடியும். கம்பியை எந்தப் பக்கம் செலுத்துவது என்பதில் நுட்பம் இருக்கிறது. வழக்கமான பாதை இடுப்பின் பக்கவாட்டில் வெட்டி மேலிருந்து கீழே செலுத்துவது. அதற்கு நோயாளியை முறிவு மேசையில் படுக்கவைத்து, கால்களுக்கு நடுவே ஒரு தூணை முட்டுக்கொடுத்துக் காலை இழுப்பார்கள். முறிந்த இடுப்பு அந்த முட்டைத் தாங்காது. மேலும், கிண்ணத்தைச் சரிசெய்ய நாளை வெட்ட வேண்டிய அதே தசையில் இன்றே ஒரு காயம் ஏற்பட்டுவிடும். வேண்டாத இடத்தில் எலும்பு வளர்ந்து மூட்டு இறுகும் அபாயமும் கூடும்.

எனவே இத்தகையோருக்கு முழங்கால் வழியைத் தேர்வது உண்டு. நோயாளி தட்டையான மேசையில் மல்லாந்து படுத்திருப்பார். முழங்காலை லேசாக மடக்கி, சில்லுக்குக் கீழே சிறிதாக வெட்டி, சி-ஆர்ம் எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி கம்பியைக் கீழிருந்து மேலே செலுத்துவார்கள். இரு முனையிலும் குறுக்குத் திருகாணிகள். இடுப்புப் பகுதி தொடப்படாமலே இருக்கும். அதே மேசையில், படுக்கை மாற்றாமல், இடுப்பின் முன்பக்கத்துக்கு பிளேட்டோ பின்பக்கத்துக்கு நீண்ட திருகாணியோ பொருத்த முடிகிறது.

அரங்கத்துக்குப் போகும் முன் தேட வேண்டியவையும் உண்டு. தொடைத் தண்டு முறிந்தவர்களில் சிலருக்கு அதே எலும்பின் கழுத்திலும் மெல்லிய விரிசல் இருக்கும், எக்ஸ்ரேயில் தப்பிவிடும். சிறுநீர்த் துவாரத்தில் ரத்தத் துளி தெரிந்தால் சிறுநீர்க் குழாய் கிழிந்திருக்கலாம். பரிசோதிக்காமல் டியூப் போடக் கூடாது. அறுவைக்கு முன்பே பாதத்தை மேலே தூக்கச் சொல்லிப் பார்த்துக் குறித்துவைக்க வேண்டும். தூக்க முடியாவிட்டால் தொடையின் பெருநரம்பு அடிபட்டிருக்கலாம்.

வீடு திரும்பிய பிறகு

சமவெளியில் வீட்டுக்குப் போனால் வாக்கர் உருளும். ஏற்காட்டுச் சிற்றூர்களில் வீட்டு வாசலே சரிவில் இருக்கும். ஆறு முதல் பன்னிரண்டு வாரம் அந்தக் காலில் எடை வைக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லும்போது, கழிப்பறைக்கு எப்படிப் போவது என்பதே குடும்பத்தின் முதல் கேள்வி. குந்தி உட்காருவதும் சம்மணமிடுவதும் பல மாதங்களுக்கு முடியாது. ஒரு கமோடு நாற்காலி இல்லாததால் பல லட்சம் மதிப்புள்ள அறுவை வீணாகக்கூடும். சிறுநீர்க் கோளாறும் தாம்பத்தியக் கோளாறும் இக்காயத்தின் பின் வருகின்றன. வெட்கத்தால் யாரும் சொல்வதில்லை, அவசரத்தால் யாரும் கேட்பதில்லை. இளம் பெண்களில் பலர் பின்னாளில் இயல்பாகவே பிரசவிக்க முடியும். மகப்பேறு மருத்துவரிடம் பழைய எக்ஸ்ரேயைக் காட்ட வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லியனுப்ப வேண்டும்.

மருத்துவமனைக்கு வரும் முன்பே கட்டுப் போடும் வைத்தியரிடம் போகிறவர்களும் உண்டு. மணிக்கட்டு, விரல் முறிவுகளில் அந்தக் கைகளுக்கு அனுபவம் இருக்கலாம். இடுப்பு வளையமும் தொடையும் சேர்ந்து முறிந்தவரை அங்கே கொண்டுபோவது, ரத்தம் நிற்கும் முன்பே நேரத்தைத் தொலைப்பது. இதைக் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

மலைக்கு என்ன வேண்டும்

தமிழ்நாட்டில் 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டம், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றித் தருகிறது. தொடக்கத்தில் ஒருவருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை என்று வரம்பு வைத்தது. அடிபட்டவருக்கு உதவுபவரைச் சட்டச் சிக்கலிலிருந்து காக்க 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் தனிப் பிரிவே சேர்ந்தது. இவை பெரிய சாதனைகள். ஆயினும் மிளகு ஏணியிலிருந்து விழுந்தவர் சாலை விபத்துத் திட்டத்துக்குள் வரமாட்டார். இரண்டு காயமும் ஒன்றே, ரத்தம் போகும் வேகமும் ஒன்றே. உயரத்திலிருந்து விழுந்த தொழிலாளிக்கும் அந்த 48 மணி நேரம் உரியதாக வேண்டும்.

மலைப்பாதையைச் சுருக்க முடியாது. ஏற்காடு அரசு மருத்துவமனையில் பெரிய இடுப்பு அறுவையை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. அதற்கு ரத்த வங்கியும் ஐ.சி.யூ.வும் அனுபவமுள்ள குழுவும் கொண்ட இடம் வேண்டும். அடிவாரம், கோரிமேடு, அஸ்தம்பட்டி தாண்டினால் சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வந்துவிடுகிறது. ஆகவே மலையில் செய்ய வேண்டியவை சில மட்டுமே: இடுப்பைச் சரியான இடத்தில் கட்டுவது, காலைச் சேர்த்துக் கட்டுவது, போர்த்துவது, டிரானெக்சாமிக் ஊசி போடுவது, வண்டி இறங்கத் தொடங்கும்போதே கீழே போன் செய்து ரத்தம் ஏற்பாடு செய்யச் சொல்வது. எக்ஸ்ரே எடுத்து உறுதி செய்த பிறகு கட்டலாம் என்று காத்திருக்கத் தேவையில்லை. சந்தேகமே போதும்.

தோட்டத் தொழிலாளர்களுக்கு மருத்துவ வசதி செய்து தருவது தோட்ட முதலாளியின் பொறுப்பு என்று 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே வகுத்தது. அந்தப் பொறுப்பின் இன்றைய வடிவமாக ஒவ்வொரு தோட்ட அலுவலகத்திலும் ஓர் இடுப்புப் பட்டை, தொய்யாத ஸ்ட்ரெச்சர், இரண்டு கம்பளி இருக்கட்டும். மேஸ்திரிகள், மலைப்பாதை ஓட்டுநர்கள், வளைவுகளில் கடை வைத்திருப்பவர்கள் ஆகியோருக்கு மிளகு அறுப்புக்கு முன் ஒருமுறை, கோடை விழாவுக்கு முன் ஒருமுறை கட்டிப் பழகப் பயிற்சி தரட்டும். மருத்துவக் கல்லூரியின் எலும்பு சிகிச்சைத் துறை மலையேறி வந்து அதை நடத்தினால், அரை நாளில் முடிந்துவிடும். கீழே அறுவை அரங்கில் எவ்வளவு தேர்ந்த கை காத்திருந்தாலும், ரத்தம் தீராமல் நோயாளி அங்கே வந்து சேர வேண்டும். அதைச் செய்யக்கூடியவர்கள் மேலே இருப்பவர்கள்தான்.